மறையும் ஒளியில் தெரியும் உலகம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

தாத்தா நடத்திய பாடம்

நெட்டப்பாக்கத்தில் எங்கள் கழனிக்கு இரவில்தான் தண்ணீர் பாய்ச்சுவோம். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் தாத்தாவோடு மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். சுற்றிலும் கரும்பு. அதற்கப்பால் நெல். வெகு தொலைவில் அடுத்த கொட்டகையின் குண்டு விளக்கு ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த விளக்கு ஒரு கணம் மறைந்து மீண்டும் தெரிந்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்தார்.

“யாரோ வரப்பு மேல போறான் பாரு.”

“இருட்டுல ஆளே தெரியலையே தாத்தா?”

“ஆளு எதுக்குடா தெரியணும்? வெளக்க மறைச்சானே, அது போதாதா?”

சற்று நேரத்தில் விளக்கு மறுபடியும் மறைந்தது. இம்முறை சற்றுக் கூடுதலான நேரம். “தலைமேல புல்லுக்கட்டு வச்சிருக்கான்” என்றார் தாத்தா. சிறிது நேரம் கழித்து எங்கள் கொட்டகையைக் கடந்து போனவர் தலையில் புல்லுக்கட்டு இருக்கத்தான் செய்தது.

பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாத தாத்தா அன்று எனக்கு நடத்தியது வானியலின் மிக நுட்பமான பாடங்களுள் ஒன்று என்பது இக்கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளை, அது மறைக்கும் ஒளியைக் கொண்டு அறிவது. இதற்கு விண்மீன் மறைப்பு என்று பெயர். இம்முறையைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்வதோடு, இதன்பொருட்டு நம் கல்லூரி செய்யத்தக்கது ஒன்று உண்டு என்னும் என் கருத்தையும் ஆசிரியப் பெருமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரில் காண முடியாதது ஏன்?

கதிரவ மண்டலம் நெப்டியூனோடு முடிந்துவிடவில்லை. அதற்கப்பால் கைப்பர் பட்டை என்னும் பெருவெளியில் பனியும் பாறையும் கலந்த சிறு பொருள்கள் எண்ணற்றவை சுற்றி வருகின்றன. கோள்கள் உருவானபோது மிஞ்சிய மூலப்பொருள்கள் அவை. வீடு கட்டி முடித்த பிறகு கொல்லைப்புறத்தில் கிடக்கும் செங்கல்லையும் ஜல்லியையும் பார்த்து அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று ஒரு கொத்தனார் சொல்லிவிடுவார் அல்லவா? அதுபோலவே இப்பொருள்களைக் கொண்டு நம் பூமி பிறந்த கதையைச் சொல்லிவிடலாம் என்று அறிஞர்கள் நம்புகிறார்கள்.

ஆனால் அவற்றைப் பார்ப்பது எளிதன்று. அவற்றுக்குத் தம் ஒளி கிடையாது. கதிரவனின் ஒளி அவ்வளவு தொலைவு போய்ச் சேர்ந்து, பட்டுத் தெறித்து, மீண்டும் அவ்வளவு தொலைவு நம்மிடம் வர வேண்டும். போகும்போதும் ஒளி மங்குகிறது, திரும்பும்போதும் மங்குகிறது. ஆகவே தொலைவு 2 மடங்கானால் பிரகாசம் 16-ல் ஒரு பங்காகிவிடும். ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பாறை ஒன்று கைப்பர் பட்டையில் இருந்தால், உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளும் அதை நேரில் காணத் திணறும்.

இங்கேதான் தாத்தாவின் விளக்கு உதவிக்கு வருகிறது. பொருளைப் பாராமல், அதற்குப் பின்னால் இருக்கும் விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பொருள் குறுக்கே வரும்போது விண்மீன் ஒரு கணம் மறையும் அல்லது மங்கும். விண்மீன் மிக மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் நமக்கு இணையாகவே வருகின்றன. ஆகையால் பூமியின்மேல் விழும் நிழலின் அகலம் ஏறக்குறைய அப்பொருளின் அகலமே. 20 கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகோள், பூமியில் 20 கிலோமீட்டர் அகலமுள்ள நிழல் ஒன்றை ஓடவிடும்.

அந்நிழல் விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நம் ஊரில் விண்மீன் 2 விநாடி மறைந்தது என்றால், நம் தலைக்கு நேரே கடந்துபோன பகுதியின் நீளம் 20 கிலோமீட்டர். வடிவியலில் இதை வட்டத்தின் நாண் என்போம். ஓர் ஊரிலிருந்து ஒரு நாண்தான் கிடைக்கும். பத்து ஊர்களில் பத்துப் பேர் நின்று நேரம் குறித்தால் பத்து நாண்கள். அவற்றின் முனைகளைச் சேர்த்தால், எந்தத் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரியும் அப்பொருளின் உருவமே தாளில் வந்துவிடுகிறது. கணக்கு, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. கருவி, ஒரு தொலைநோக்கியும் ஒரு கடிகாரமும். தேவைப்படுவது, பல இடங்களில் நிற்கப் பல மனிதர்கள்!

2023 டிசம்பர் 12 அன்று நம்மவர்கள் நன்கறிந்த திருவாதிரை விண்மீனையே லியோனா என்னும் சிறுகோள் மறைத்தது. ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளின் வழியே நிழல் ஓடியது. வெறுங்கண்ணால் காணத்தக்க அந்தச் செந்நிற விண்மீன் சில விநாடிகள் மங்கிப் பின் ஒளிர்ந்ததைத் தொழில்முறை வானியலார் மட்டுமல்லர், பொதுமக்களும் கண்டார்கள்.

காவலூர் தந்த சான்று

இவையெல்லாம் அயல்நாட்டாருக்கே உரியவை என்று எண்ண வேண்டாம். வாணியம்பாடிக்குத் தெற்கே சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இத்துறையில் உலகின் கவனத்தை ஈர்த்த இடம்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. அமெரிக்க வானியலார் விமானத்தில் தொலைநோக்கி பொருத்தி இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தனர். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தனர். கோளின் விளிம்புக்கு வெகு வெளியிலேயே விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது. இடையில் ஏதோ இருக்கிறது என்பது உறுதி. ஆனால் எது?

காவலூர் அறிஞர்கள் முதலில் அது யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். விமானத்திலிருந்து நோக்கியவர்களுக்கோ கோளின் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த மறைப்புகள் கிடைத்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் மறைத்தால் துணைக்கோள் எனலாம். இருபுறமும் ஒரே வரிசையில் மறைத்தால் அது வளையமாகத்தான் இருக்க முடியும். காவலூரில் பதிவான ஒளிக்கோட்டை மீண்டும் ஆராய்ந்த பட்டாச்சார்யாவும் இயக்குநர் வைணு பாப்புவும், சனிக்கு இருப்பது போன்ற வளையத் தொகுதி யுரேனஸுக்கும் உண்டு என்று அதே 1977-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 1986-ல் வாயேஜர் 2 விண்கலம் அருகில் சென்று அவ்வளையங்களைப் படம் பிடித்தது.

இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவு செய்தார்கள். ஒளி படிப்படியாக மங்கியதைக் கண்டு கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று முடிவு கட்டினார்கள். 1979-ல் வாயேஜர் சென்று பார்த்தபோது அவர்கள் கணக்கிட்ட அளவுக்கு அங்கே வளி இல்லை என்று தெரிந்தது. இந்தத் தவறையும் நான் பெருமையோடுதான் குறிப்பிடுகிறேன். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உதகமண்டலத்தில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்திற்குக் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்து 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியின் முதல் நோக்கமும் மறைப்பே. நிலா குறுக்கே வந்து மறைக்கும்போது வானின் ரேடியோ மூலங்களின் இடத்தையும் அளவையும் துல்லியமாகக் கண்டார்கள். திங்கள் உரோகிணியோடு கூடிய நன்னாளில் மணம் நடந்ததை அகநானூறு கூறும். திங்களும் மீனும் சேரும் நாளைப் பார்த்து மணவிழா நடத்திய இனம், அதே சேர்க்கையைக் கொண்டு அண்டத்தை அளக்கவும் முடியும் என்பதற்கு உதகை சான்று.

புதுச்சேரியின் வானம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஒரு சிறு பொருள் ஒளிரும் பொருளின் குறுக்கே போவதைக் காண்பதற்கென்றே பிரான்சிலிருந்து ஒருவர் புதுச்சேரிக்கு வந்தார். லெ ழாந்தீய் என்பது அவர் பெயர். கதிரவனுக்குக் குறுக்கே வெள்ளி செல்வதை உலகின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்தால் கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம். அதற்காக 1760-ல் கப்பலேறினார். ஆனால் 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து வெள்ளியின் கடப்பைப் பார்த்தார். அந்நிலையில் அளந்த அளவு பயன்படவில்லை. அடுத்த கடப்பு 1769-ல் என்பதால் ஊர் திரும்பாமல் கீழைக் கடல்களிலேயே தங்கினார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து நோக்ககம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியலில் வானம் மேகத்தால் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு கதிரவன் பளிச்சென்று வெளிவந்தான்!

இக்கதையைப் பலரும் நகைச்சுவையாகச் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது அதன் மறுபக்கம். புதுச்சேரியில் இருந்த காலத்தில் லெ ழாந்தீய் இங்குள்ள தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-ல் நிகழ்ந்த சந்திர கிரகணம் நீடித்த காலத்தைத் தமிழர் கணக்கின்படி போட்டுப் பார்த்தபோது 41 விநாடி மட்டுமே குறைந்தது. ஐரோப்பாவில் அன்று சிறந்ததாகக் கருதப்பட்ட மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி மிகுந்தது. 1825-ல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரனும், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏட்டைப் பாராமல், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, தரையில் சோழிகளை அடுக்கிக் கிரகணம் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். விலையுயர்ந்த கருவிகளோடு கடல் கடந்து வந்தவரிடம் மேகம் கருணை காட்டவில்லை. தரையில் சோழி வைத்திருந்தவரிடம் விநாடிக் கணக்கு இருந்தது. கருவி மட்டும் வானியல் ஆகாது என்பதும், ஒரே இடத்தில் ஒருவர் மட்டும் நின்றால் ஒரு மேகத் துண்டு பல்லாண்டு உழைப்பை விழுங்கிவிடும் என்பதும் இவ்வரலாறு நமக்குத் தரும் இரண்டு பாடங்கள். அதே 1769-ல் உலகின் வேறு பல இடங்களில் நின்றவர்களின் அளவுகளைக் கொண்டுதான் கதிரவனின் தொலைவு கணிக்கப்பட்டது.

பள்ளிக்கூட மாடியில் ஒரு கண்டுபிடிப்பு

“அதெல்லாம் பெரிய ஆய்வகங்களின் வேலை, நமக்கு எதற்கு?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் தென்கோடியில் உள்ள மியாகோ தீவில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் மாடியில் 28 சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் இரண்டை வைத்தார்கள். பொழுதுபோக்கு வானியலார் வாங்கும் வகையைச் சேர்ந்தவை அவை. சுமார் 2000 விண்மீன்களை மொத்தம் 60 மணி நேரம் விடாமல் படம் பிடித்தார்கள். அத்தனை படங்களிலும் ஒரே ஒரு விண்மீன், ஒரே ஒரு முறை, விநாடியின் சிறு பகுதிக்கு மங்கியது. இரண்டு தொலைநோக்கிகளிலும் ஒரே நேரத்தில் மங்கியதால் அது பறவையோ காற்றின் அசைவோ அன்று என்பது தெளிவாயிற்று. ஒளி முற்றிலும் மறையாமல் ஏறி இறங்கிய விதம், பொருளின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது. நம் ஆய்வகத்தில் கம்பியையும் ஊசியையும் வைத்துப் பார்க்கிறோமே, அதே விளிம்பு விளைவுதான்! அதிலிருந்து கணக்கிட்டு, கைப்பர் பட்டையில் 1.3 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பொருளைக் கண்டதாக அரிமாட்சு குழுவினர் 2019-ல் வெளியிட்டனர். பெரிய தொலைநோக்கிகள் காணாததைப் பள்ளி மாடி கண்டது.

அதே கைப்பர் பட்டையில் அரோக்கோத் என்னும் பொருள் ஒன்று உண்டு. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அங்குப் போவதற்கு முன் அதன் உருவத்தை அறிய வேண்டியிருந்தது. 2017 ஜூன் 3 அன்று அதன் நிழல் விழக்கூடிய இடம் என்று அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பலர் தொலைநோக்கிகளோடு வரிசையாக நின்றனர். ஒருவர் கண்ணிலும் விண்மீன் மறையவில்லை. அத்தனை பேரும் ‘இல்லை’ என்று எழுதினார்கள். மனம் தளராமல் இடக் கணக்கைத் திருத்தி, ஜூலை 17 அன்று மீண்டும் அர்ஜென்டினாவில் நின்றார்கள். கடுங்குளிர், பலத்த காற்று. அங்குள்ள கொமொடோரோ ரிவாடாவியா நகர மக்கள் தெருவிளக்குகளை அணைத்தார்கள். நெடுஞ்சாலையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. காற்றைத் தடுக்க லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். அன்று ஐந்து தொலைநோக்கிகளில் விண்மீன் மறைந்தது. ஐந்து நாண்களைக் கொண்டு, அப்பொருள் இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டது போல இருக்கலாம் என்று கணித்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று விண்கலம் அனுப்பிய படத்தில் அப்படியே இருந்தது! 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு பனிக்கட்டியின் உருவத்தை, ஓர் ஊர் தன் விளக்குகளை அணைத்துக் கண்டறிந்த கதை இது.

‘இல்லை’ என்று எழுதும் துணிவு

இப்போது என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

நாம் ஆய்வக ஏடு எழுதும் விதம் நம் எல்லோருக்கும் தெரியும். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணச் சொன்னால், நம்மில் எத்தனை பேர் கண்ட அளவை அப்படியே எழுதுகிறோம்? விடை 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். பத்து அலைவுக்கான நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதிவிடுகிறோம். பள்ளியில் படித்தபோது, தனக்கு 9.3 வந்தது என்று உண்மையைச் சொன்ன என் நண்பன் தலையில் குட்டு வாங்கினான். அடுத்த வாரம் முதல் அவனும் எங்களைப் போல் ‘சரியாக’ எழுதக் கற்றுக்கொண்டான். அதே பள்ளியில் நல்ல தொலைநோக்கி ஒன்று அலமாரியில் பூட்டிக் கிடந்தது. “உடைந்தால் யார் பதில் சொல்வது?” என்பதே அதைத் திறக்காமைக்குச் சொல்லப்பட்ட காரணம். நான் அப்பள்ளியை விட்டு வரும்வரை அதன் வழியே நிலவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

விண்மீன் மறைப்பில் இத்தகைய ‘சமையல்’ செல்லாது. விடை யாருக்கும் முன்பே தெரியாது. அதைவிடப் பெரிய சிறப்பு ஒன்றும் உண்டு. விண்மீன் மறையவில்லை என்று எழுதுபவரின் அளவும், மறைந்தது என்று எழுதுபவரின் அளவைப் போலவே பயனுள்ளது. பாகூரில் மறைந்து வில்லியனூரில் மறையவில்லை என்றால், நிழலின் விளிம்பு இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் போயிற்று என்பது உறுதி. வில்லியனூரில் நின்றவர், நாமும் பார்த்ததாகச் சொல்லிவிடுவோமே என்று ஆசைப்பட்டுப் பொய் எழுதினால், அந்தப் பொருள் இல்லாத பருமனைப் பெற்றுவிடும். அவருடைய ‘இல்லை’தான் பொருளுக்கு எல்லை போடுகிறது.

காவலூரின் தவறுகளைப் பெருமையோடு குறிப்பிட்டது இதனால்தான். அவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். அதனால்தான் துணைக்கோள் என்ற முதற்கருத்தை அதே பதிவைக் கொண்டே வளையம் என்று திருத்த முடிந்தது. பொருள் கொள்வதில் பிழை நேரலாம், பதிவில் பொய் நேரக் கூடாது. பதிவு மெய்யாக இருந்தால் பிழை தானே ஒருநாள் நேராகும். பதிவே பொய்யானால் எந்த அறிஞராலும் அதை மீட்க முடியாது. பட்டம் பெற்று வெளியேறும் நமக்கு இதைவிடப் பெரிய அறிவியல் கல்வி வேறு உண்டா? நாளை நாம் எழுதப்போவது அறுவடைக் கணக்காக இருக்கலாம், மருத்துவமனைப் பதிவேடாக இருக்கலாம், ரேஷன் கடைக் கணக்காக இருக்கலாம். எதுவானாலும் இந்தப் பழக்கம் வேண்டும்.

நம் ஊர்கள் நான்கு

நிழற்பாதைகளில் பல ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகின்றன. ஆகவே பார்ப்பவர்கள் வடக்கு தெற்காகப் பரவி நிற்க வேண்டும். நம் கல்லூரி மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். வடக்கே திருக்கனூர், அதற்குத் தெற்கே வில்லியனூர், அதற்கும் தெற்கே நெட்டப்பாக்கம், தென்கோடியில் பாகூர். வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஒரு சிறுகோளின் நிழலை அளக்க இயற்கையே நம்மைப் படி வைத்தாற்போல் நிறுத்தியிருக்கிறது!

நெட்டப்பாக்கத்திலிருந்து நான் ஏறிவரும் பேருந்து, புதுச்சேரி எல்லையை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் போய் மீண்டும் புதுச்சேரிக்குள் வருகிறது. நம் பகுதிகள் துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடப்பதை நாம் எப்போதும் ஒரு குறையாகவே பேசி வந்திருக்கிறோம். இந்த ஒரு வேலைக்கு அச்சிதறலே நம் பலம்.

ஆகவே என் கோரிக்கை இது. கல்லூரியில் வான் நோக்குக் குழு ஒன்று தொடங்க வேண்டும். எடுத்துச் செல்லத்தக்க நடுத்தரத் தொலைநோக்கி ஒன்றை முதலாண்டு வாங்கலாம். நான்கு ஊருக்கும் நான்கு என்பது சில ஆண்டுகளில் நிறைவேறட்டும். துல்லியமான நேரத்தைச் செயற்கைக்கோள் வழியே பெறும் சிறு கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. எந்நாள், எந்நேரம், எந்த விண்மீன் என்னும் முன்னறிவிப்புகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலம் அளந்து தந்த விண்மீன் இடங்களால் அம்முன்னறிவிப்புகள் முன்னெப்போதையும்விடத் துல்லியமாகியுள்ளன. கண்ட நேரங்களைத் தொகுத்து ஆராயும் சங்கங்களும் உலகில் இருக்கின்றன. நம்மிடம் இல்லாதது முயற்சி ஒன்றே.

எழக்கூடிய மறுப்புகள்

பணம் எங்கே என்பது முதற்கேள்வி. ஒரு விழாவிற்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு சிறு தொலைநோக்கி பெரும்பொருள் அன்று. விழா ஒருநாளில் முடிந்துவிடும். கருவி, நமக்குப் பின் வரும் பல அணி மாணவர்களுக்கும் உழைக்கும்.

மேகம் என்ன செய்யும் என்பது இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும். தை முதல் சித்திரை வரை நம் வானம் பல இரவுகள் தெளிவாக இருக்கிறது. மேலும் நான்கு ஊரிலும் ஆள் நின்றால் எல்லோர் தலைக்கு மேலும் ஒரே மேகம் நிற்க வேண்டியதில்லை. லெ ழாந்தீய்க்கு வாய்க்காத வசதி இது.

உழவர் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்பது மூன்றாவது. இக்கேள்வியை நான் மதிக்கிறேன். வானில் ஒரு பாறையின் அளவு தெரிந்தால் கரும்பின் விலை ஏறப்போவதில்லை. ஆனால் இதே கேள்வியை நகரத்து மாணவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். பயனற்ற பேரறிவும் வேண்டும் என்று விரும்பும் உரிமை கிராமத்தானுக்கும் உண்டு. இருட்டில் வரப்பில் போகும் ஆளைக் கண்டறிந்த தாத்தாவுக்கு, அந்தக் கூர்மை வானம் வரை செல்லும் என்று சொல்ல ஒருவரும் இல்லாமற் போனதுதான் இழப்பு.

கடைசியாக ஒன்று. பெரிய நகரங்களில் இல்லாத செல்வம் ஒன்று நம் ஊர்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது இருட்டு. ஆனால் அதுவும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. சாலை முனைகளில் நிற்கும் உயர்கோபுர விளக்குகள் தரைக்கு வேண்டிய ஒளியை வானுக்கும் வாரி இறைக்கின்றன. விளக்கே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இரவில் பயமின்றி நடக்க விளக்கு வேண்டும். அதற்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும், ஒளி தரைக்கு வரும், விண்மீன்கள் விண்ணில் நிலைக்கும்.

முடிவுரை

தாத்தா இப்போது இல்லை. மோட்டார் கொட்டகை இருக்கிறது. சென்ற மாசி மாதத்தில் ஓர் இரவு அதன் வாசலில் தனியே உட்கார்ந்திருந்தேன். தொலைவில் அதே விளக்கு. மேலே வானம். அந்த ஆயிரம் விளக்குகளின் குறுக்கே, யாரும் பெயரிடாத சிறு பாறைகள் ஓசையின்றிப் போய்க்கொண்டேயிருக்கின்றன. அவற்றின் நிழல்கள் நம் கழனிகளின் மேலும் ஏரிகளின் மேலும் ஓடிக் கடலுக்குள் போகின்றன. நெட்டப்பாக்கம் என்றும் பாரிஸ் என்றும் அந்நிழல்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை. பார்க்க ஆள் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

நண்பர்களே, நான் இவ்வாண்டோடு கல்லூரியை விட்டுப் போகிறவன். இக்குழு தொடங்கினால் அதன் முதல் பதிவேட்டில் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைக்காமற் போகலாம். ஆயினும் இனி வரும் ஓர் இரவில் திருக்கனூரில் ஒருவரும், வில்லியனூரில் ஒருவரும், நெட்டப்பாக்கத்தில் ஒருவரும், பாகூரில் ஒருவரும் ஒரே விண்மீனை நோக்கி நிற்பீர்கள் என்று நம்புகிறேன். மறைந்தது என்றால் மறைந்தது என்று எழுதுங்கள். மறையவில்லை என்றால் மறையவில்லை என்று எழுதுங்கள். இரண்டுமே இந்த மண்ணிலிருந்து உலகுக்குப் போகும் மெய்ச் செய்திகளாக இருக்கும்.